ஆளுக்கொரு தட்டு

கடைத்தெருவில் உண்பவனின் சாட்சியத்தை ஏற்கலாமா என்றொரு விவாதம் ஃபிக்ஹு நூல்களில் உண்டு. வேலூர் பாக்கியாத்துஸ் ஸாலிஹாத்தில் யாம் ஓதிய நாள்களில் அந்தப் பாடம் வந்தபோது, மாணவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். முந்திய நாள் மாலை கடைவீதியில் பரோட்டா தின்று வந்தவர்கள் எம்முள் பாதிப்பேர். 'முரூஅத்' எனப்படும் கண்ணியத்துக்கு அது குறைவு என்பது பண்டை அறிஞர்தம் கருத்து. காலமும் ஊர்வழக்கும் மாறினால் கண்ணியத்தின் அளவுகோலும் மாறும் என்று உரைகாரர்கள் சேர்த்திருந்தது எங்களுக்கு ஆறுதலாயிற்று.

இன்று நிலை வேறு. திங்களுக்கு ஒருமுறையேனும் குடும்பத்தோடு வெளியே சென்று உண்ணும் வழக்கம் நம்மவர் வீடுகளிலும் வேரூன்றிவிட்டது. அடுப்பங்கரையில் முப்பதாண்டுகள் வெந்த பெண்மக்களுக்கு ஒரு வேளை ஓய்வு கிடைக்கிறதென்றால் அதைக் குறைசொல்ல எமக்கு மனம் வரவில்லை. குறைசொல்லும் பெரியவர்கள் எவரும் அந்த ஓய்வைத் தாமே தர முன்வந்ததில்லை என்பதையும் இங்கே சொல்லி வைக்கிறோம்.

யாம் பிறந்தது கீழக்கரை. ஆசிரியப் பணி எம்மைத் திருத்தணிக்குக் கொண்டுவந்து கால் நூற்றாண்டு கடந்துவிட்டது. பகலில் பள்ளிக்கூடத்தில் தமிழ், மாலையில் பள்ளிவாசலில் அரபு என்று காலம் கழிகிறது; மூன்றாவதாகத் தெலுங்கு, கடைவீதியில் தானாகவே காதில் ஏறியது. இவ்வூர் 1960 ஏப்ரல் 1 அன்றுதான் ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்திலிருந்து பிரிந்து அன்றைய சென்னை மாநிலத்தோடு இணைந்தது. நில வரைபடத்தில் கோடு மாறியதே ஒழிய இலையில் அது தெரிவதில்லை. சாம்பாருக்கு முன் பருப்புப் பொடியும் கோங்குராவும் கேட்பவர்கள் இன்றும் இங்கே உண்டு. மலைமேல் முருகன் கோயில். ஆண்டின் நாள்களுக்கு ஈடாக 365 படிகள் என்பர். ஆடிக் கிருத்திகையில் காவடி சுமந்து வரும் கூட்டத்துக்கு ஊரே ஒதுங்கி வழிவிடும். ஆகவே மலையடிவாரத்து உணவு விடுதிகளில் சைவமே மிகுதி. இறைச்சி உண்போர் கோயில் தெருக்களை விட்டு விலகியே கடை தேடுவர். எவரும் விதியாக எழுதி ஒட்டியதில்லை. ஊர் தானாகப் பழகிக்கொண்டது.

இத்தகைய ஊருக்கு அண்மையில், சென்னை நெடுஞ்சாலையோரம், ஒரு 'ஸ்டேக்' விடுதி திறக்கப்பட்டது என்றால் வியப்பு வராதா? திறந்தவர் எம் பழைய மாணவர். செய்யுள் பகுதியில் சுமாராக மதிப்பெண் வாங்கியவர். உணவு விடுதித் தொழில் படித்து, பயணிகள் கப்பலில் சில ஆண்டுகள் சமையற்காரராக இருந்து திரும்பியவர். இந்து சமயத்தவர். வீடு தேடி வந்து, "ஐயா, குடும்பத்தோடு வந்து ஒரு வேளை சாப்பிட வேண்டும்" என்று அழைத்தார்.

'ஸ்டேக்' என்பது வடபுலத்து நார்ஸ் மொழியிலிருந்து ஆங்கிலம் பெற்ற சொல். கோலில் கோத்துச் சுடுதல் என்பது அதன் வேர்ப்பொருள். இதைக் கேட்ட தமிழாசிரியனுக்குப் பொருநராற்றுப்படை நினைவுக்கு வராமல் இராது. கரிகாலனிடம் விருந்துண்ட பொருநன், இரும்புக் கோலில் சுட்ட கொழுத்த இறைச்சித் துண்டைச் சூடு பொறாமல் வாயின் இப்புறமும் அப்புறமுமாக மாற்றிக்கொண்டதையும், நாளெல்லாம் ஊன் தின்றதில் அவன் பற்கள் உழுது தேய்ந்த கொழுவைப்போல் மழுங்கியதையும் முடத்தாமக்கண்ணியார் பாடியிருக்கிறார். அரபு ஆசிரியனுக்கு நினைவு வருவதோ இப்ராஹீம் (அலை) அவர்களின் விருந்து. முன்பின் அறியாத விருந்தினர் வந்ததும், தாமதியாமல் கன்றைச் சுட்டுக் கொண்டுவந்து அவர்கள் முன் வைத்ததைத் திருமறை ஹூது ஸூராவில் கூறுகிறது. அங்கு வரும் சொல் 'ஹனீத்'. சூடேற்றிய கற்களில் வாட்டியது என்று விரிவுரையாளர்கள் பொருள் கூறுவர். யமன் நாட்டில் அப்பெயரிலேயே ஓர் இறைச்சி உணவு இன்றும் உண்டு. ஆகவே சுட்ட இறைச்சி கப்பலேறி வந்த புதுமையன்று.

ஆயினும் நம் அடுக்களையில் அது தங்கவில்லை. காரணம் நாக்கு அன்று, மாடு. மேல்நாடுகளில் இதற்கென்றே வளர்க்கும் காளைகளை இரண்டு வயதை ஒட்டி அறுத்து, குளிர் அறையில் பல நாள் தொங்கவிட்டுத் தசை இளகிய பின் சுடுகிறார்கள். நம் நாட்டு மாடோ ஏர் இழுத்து, வண்டி இழுத்து, ஓய்ந்த பிறகே இறைச்சிக் கடைக்கு வந்தது. 1958-ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டமும் பத்து வயதைக் கடந்து உழைப்புக்கும் இனப்பெருக்கத்துக்கும் உதவாதது என்றோ, காயத்தாலும் நோயாலும் பயனற்றுப் போனது என்றோ சான்று பெற்ற மாட்டையே அறுக்க இடம் தருகிறது. 1976-இல் பசுவை அறுப்பதற்கே அரசு தடை விதித்தது. பத்தாண்டு உழைத்த தசையைச் சற்று நேரம் தணலில் காட்டினால் செருப்புத் தோல்தான் கிடைக்கும். ஆகவே சிறு துண்டுகளாக்கி, பப்பாளிக்காய் அரைத்துப் பூசி, சிறுதீயில் மணிக்கணக்கில் வேகவைத்தார்கள் நம் வீட்டுப் பெண்கள். நம் சால்னாவின் சுவையெல்லாம் அந்தப் பொறுமையின் சுவை.

மாணவரின் விலைப்பட்டியலில் மாட்டிறைச்சியே இல்லை. ஆடு, கோழி, மீன், இவற்றோடு பன்னீர். நிகாஹ் மஜ்லிஸில் தெளிக்கும் பன்னீர் அன்று. பாலைத் திரித்துக் கட்டியாக்கும் பன்னீர். அதற்கும் 'ஸ்டேக்' என்றே பெயர்! கேட்டால், "திருத்தணிக்கும் திருப்பதிக்கும் போகிறவர்கள் வரும் சாலை, ஐயா. யாரும் தடுக்கவில்லை, நானாகவே வைக்கவில்லை" என்றார். பெங்களூரில் ஹாரூன் சுலைமான் சேட் தொடங்கிய 'தி ஒன்லி பிளேஸ்' போன்ற விடுதிகள் மாட்டிறைச்சித் துண்டுக்கென்றே பெயர்பெற்றவை. அந்த மாநிலத்திலும் 2021-இல் நடைமுறைக்கு வந்த சட்டம் 13 வயதைக் கடந்த எருமையை மட்டும் விட்டுவைத்தது. நம் பக்கத்தில், 2022 மே மாதம் ஆம்பூரில் மாவட்ட நிர்வாகம் அறிவித்த பிரியாணித் திருவிழாவில் மாட்டிறைச்சிப் பிரியாணிக்கு இடமில்லை என்றதும் எதிர்ப்பு எழுந்தது. மழையைக் காரணம் காட்டி விழா தள்ளிவைக்கப்பட்டது. ஒருவர் தம் கடையில் எதை வைப்பது என்று தாமே முடிவு செய்வது வேறு. அரசு பந்தல் போட்டு, ஒரு சாராரின் உணவை மட்டும் பந்தலுக்கு வெளியே நிறுத்துவது வேறு. எம் மாணவர் செய்தது முன்னது. அதில் எமக்கு வழக்கில்லை.

ஒரு ஞாயிறு மாலை, மக்ரிபுக்குப் பின், எம் துணைவியார், மகள், மருமகன், ஏழு வயதுப் பேரன் ஆகியோரோடு சென்றோம். மேசைக்கு வந்த பணியாளர் அஸ்ஸாமிலிருந்து வந்த இளைஞர். அவருடைய இந்திக்கும் எம் வேலூர் உருதுக்கும் இடையே பேச்சு ஒருவாறு நடந்தது. பட்டியலைப் பார்த்துவிட்டு, "இறைச்சி ஹலாலா?" என்று கேட்டோம்.

"வாப்பா, மெல்லக் கேளுங்கள்" என்றாள் மகள்.

அவள் அஞ்சியதில் பொருள் உண்டு. அனுமதிக்கப்பட்டது என்பதற்கு மேல் பொருளில்லாத அந்தச் சொல், கடந்த சில ஆண்டுகளில் சண்டைக்கு இழுக்கும் சொல்லாக ஆக்கப்பட்டுவிட்டது. 2022-இல் கர்நாடகத்தில் ஹலால் இறைச்சியை வாங்காதீர் என்று இயக்கம் நடந்தது. 2023 நவம்பரில் உத்தரப் பிரதேச அரசு ஹலால் சான்று பெற்ற உணவுப் பொருள்களின் விற்பனைக்கே தடை விதித்தது. அடுத்த மேசையில் நெற்றியில் திருநீறோடு அமர்ந்திருந்த இளைஞர் ஒருவர் அந்தச் சொல் கேட்டு நிமிர்ந்து பார்த்ததை யாமும் கண்டோம். பார்வையில் என்ன இருந்தது என்று சொல்ல இயலாது. வெறும் ஆர்வமாகவும் இருக்கலாம். ஆனால் ஒரு பெண்பிள்ளை தன் தகப்பனின் குரலைத் தாழ்த்தச் சொல்லும் காலம் வந்துவிட்டதே என்பது எம் நெஞ்சில் முள்ளாய்க் குத்தியது.

அஸ்ஸாம் இளைஞருக்கு விடை தெரியவில்லை. தட்டுகள் வருமுன்பே எங்கள் மேசை மௌனமாயிற்று. சற்றுத் தொலைவில், பணம் வாங்கும் இடத்தில் நின்றவாறு மாணவர் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். இப்ராஹீம் நபியின் விருந்தில், வைத்த கன்றின்பால் விருந்தினர் கை நீளாதது கண்டு அன்னாரின் உள்ளத்தில் அச்சம் புகுந்தது என்று திருமறை சொல்கிறதே, அந்த இடத்தைப் பல்லாண்டுகளாகப் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுத்திருக்கிறோம். வந்தவர்கள் வானவர்கள், உண்ண மாட்டார்கள். அது அவர்களுக்குத் தெரியும், வீட்டுக்காரருக்குத் தெரியாது. உண்ணாத விருந்தினர் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டால்தான் அந்த அச்சம் நீங்கும். யாம் எழுந்து சென்று மாணவரிடம் கேட்டோம்.

அவர் வருந்தவில்லை, "உள்ளே வந்து பாருங்கள், ஐயா" என்று சமையலறைக்கே அழைத்துச் சென்றார். ஆட்டிறைச்சியும் முழுக் கோழியும் எம் தெருவில் உள்ள பாய் கடையிலிருந்து வருகின்றன, சீட்டைக் காட்டினார். எலும்பில்லாக் கோழித் துண்டுகள் மட்டும் பெட்டியில் உறைந்து வருகின்றன. பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தோம். அதன்மேல் எங்கே, யார், எப்படி அறுத்தது என்பதற்குச் செய்தி இல்லை. "இது எனக்கே தெரியாது, ஐயா" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காகவே அவருக்குச் செய்யுள் பகுதியில் இன்னும் பத்து மதிப்பெண் கூட்டிப் போட்டிருக்கலாம்.

இவ்விடத்தில் மார்க்கச் சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுவது நலம். நம் வீடுகளில் இதுபற்றிக் குழப்பம் மிகுதி. கடைக்காரர் யார், சமைத்தவர் யார் என்பது இங்கே கேள்வியே அன்று. பாத்திரம் தூய்மையாக இருந்தால் இந்துச் சகோதரர் சமைத்ததை உண்பதில் தடையில்லை. கேள்வி, அறுத்தவரையும் அறுத்த முறையையும் பற்றியது மட்டுமே. சிலர் கொண்டுவந்து தரும் இறைச்சியில் இறைவன் பெயர் கூறப்பட்டதா என்று தெரியவில்லையே என்று மக்கள் கேட்டபோது, நீங்கள் பெயர் கூறி உண்ணுங்கள் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் விடையளித்ததாக ஆயிஷா (ரலி) அறிவிப்பது புகாரியில் உள்ளது. அந்த நபிமொழியைப் பிடித்துக்கொண்டு எந்தப் பெட்டியையும் திறக்கலாம் என்பார் உளர். கொண்டுவந்தவர்கள் புதிதாக இஸ்லாத்தைத் தழுவியவர்கள் என்பது அந்த அறிவிப்பிலேயே இருக்கிறது. முஸ்லிமின் அறுப்பைப் பற்றி வீண் ஐயம் வேண்டாம் என்பதே அதன் கருத்து. மீனுக்கு இந்தக் கேள்வி எதுவும் கிடையாது. கீழக்கரைக்காரனுக்கு அதைவிட நற்செய்தி வேறென்ன?

யாம் சமையலறையை விட்டு வெளியே வரும்போது, அடுத்த மேசையின் இளைஞர் உள்ளே வந்துகொண்டிருந்தார். அவருடைய தாயார் சைவம். பன்னீரைப் பொரிப்பது இறைச்சி பொரித்த கல்லிலா, தனிக் கல்லிலா என்று பார்த்துவர அனுப்பியிருக்கிறார். வாயிலில் இருவரும் ஒருவருக்கொருவர் வழிவிட்டோம். "நீங்க முன்னாடி போங்க, ஐயா" என்றார் அவர். மேசைக்குத் திரும்பி, மகளிடம் இதைச் சொன்னோம். அந்த அம்மையாரைத் திரும்பிப் பார்த்தாள் அவள். இருவரும் ஒருவரையொருவர் நோக்கிச் சிரித்துக்கொண்டார்கள்.

பேரன் விரும்பியது அந்தப் பெட்டிக் கோழி. இல்லை என்றதும் அவன் முகம் சுருங்கியது உண்மை; உருளைக்கிழங்குப் பொரியல் ஒரு கூடை வந்த பிறகே தெளிந்தது. எங்களுக்கு மீன் இரண்டு தட்டு, ஆட்டு விலா இரண்டு தட்டு. மரப்பலகைமேல் பதித்த இரும்புக் கல்லில் புகை எழ, சீறிக்கொண்டு வந்தன. துணைவியார் விலாத் துண்டைக் கீறியதும் உள்ளே செந்நிற நீர் கசிந்தது. "இரத்தம்!" என்று தட்டைத் தள்ளினார். அஸ்ஸாம் இளைஞர் முன்னமே எவ்வளவு வேக வேண்டும் என்று கேட்டிருந்தார். நடுத்தரமாக என்று மருமகன் சொல்லியிருந்தார். திருமறை அன்ஆம் ஸூராவில் விலக்குவது வழிந்தோடும் இரத்தத்தை. முறையாக அறுத்து இரத்தம் வடிந்த பின் தசையிலும் நரம்பிலும் எஞ்சும் செம்மையைப் பொறுத்துக்கொள்ளப்பட்டதாகவே இமாம்கள் கருதினர். உண்மையில் அந்தச் செந்நீர் இரத்தமே அன்று என்கிறது இன்றைய அறிவியல்: தசைக்குள் உயிர்வளியைத் தேக்கி வைக்கும் மயோகுளோபின் என்னும் புரதத்தின் நிறம் அது; சூடு ஏறினால் பழுப்பாகிவிடும். இவ்வளவையும் துணைவியாரிடம் சொன்னோம். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி, இன்னும் கொஞ்சம் வேகவைத்துத் தரச் சொல்லுங்கள்" என்றார். ஹராம் அன்று என்பதும் பிடிக்கும் என்பதும் ஒன்றல்லவே.

கத்தியைப் பற்றியும் சிலருக்கு மனக்குறை உண்டு. இறைச்சியைக் கத்தியால் அறுத்து உண்பது பிறநாட்டார் வழக்கம் என்று தடுக்கும் ஓர் அறிவிப்பு அபூதாவூதில் இருக்கிறது. அது வலுவானதன்று என்று அந்நூலாசிரியரே குறித்திருக்கிறார். நபியவர்கள் ஆட்டின் முன்சப்பையைக் கத்தியால் அறுத்து உண்டுகொண்டிருந்து, தொழுகைக்கு அழைப்பு வந்ததும் கத்தியைக் கீழே வைத்துவிட்டு எழுந்ததை அம்ர் இப்னு உமைய்யா (ரலி) அறிவிக்கிறார். அது புகாரியில் உள்ளது. கவைக்கரண்டியை இடக்கையில் பிடித்து உண்பதுதான் நமக்கு ஒவ்வாதது. மகள் முதலில் எல்லாவற்றையும் நறுக்கி வைத்துவிட்டுக் கரண்டியை வலக்கைக்கு மாற்றிக்கொண்டாள். அமெரிக்கர்களும் நெடுங்காலமாக இப்படித்தான் கை மாற்றி உண்கிறார்கள் என்று மருமகன் சொன்னார். யாம் மீனைக் கையாலேயே உண்டோம்.

எமக்கு ஒவ்வாதது வேறொன்று. ஆளுக்கொரு தட்டு, ஆளுக்கொரு பக்குவம், ஆளுக்கொரு விலை. தட்டு கொதிப்பதால் அருகே இருப்பவர் கை நீட்டவும் இயலாது. கீழக்கரையில் எம் இளமை 'சஹனில்' கழிந்தது. அகன்ற தாம்பாளத்தைச் சுற்றி நால்வரும் ஐவரும் அமர்ந்து, அவரவர் முன்பக்கத்துச் சோற்றை உண்போம். நடுவே இருக்கும் கறியை மூத்தவர் பிய்த்து இளையவர் பக்கம் தள்ளுவார். தள்ளாத மூத்தவரை ஊர் மறப்பதில்லை! உண்கிறோம், வயிறு நிறையவில்லையே என்று முறையிட்டவர்களிடம், நீங்கள் பிரிந்து உண்கிறீர்கள் போலும் என்று நபியவர்கள் கேட்டதாக வஹ்ஷி (ரலி) வழியாக ஓர் அறிவிப்பு உண்டு. அன்றிரவு எம் மேசையில் அது நேரடி உண்மையாயிற்று. தட்டு ஒன்றுக்கு 650 ரூபாய் கொடுத்தும் எவருக்கும் நிறையவில்லை. ஒரு வெறுந்தட்டு கேட்டு வாங்கி, எல்லாவற்றிலும் பாதியை அதில் கொட்டி நடுவே வைத்தார் துணைவியார். பிறகுதான் பேச்சு தொடங்கியது.

சமைத்தவன் சூட்டையும் புகையையும் தாங்கியவன். அவனை உடன் அமர்த்துங்கள், இல்லையேல் ஒரு கவளமாவது கொடுங்கள் என்பதும் நபிவழி. மாணவரை அழைத்தோம். ஆசிரியர் முன் உட்கார மாட்டேன் என்று நின்றவாறே ஒரு துண்டு எடுத்துக்கொண்டார். பணம் வாங்க மறுத்தார். பேரன் கையில் கொடுத்து அனுப்பியதைத் தட்ட இயலவில்லை.

புறப்படுமுன் தயங்கித் தயங்கி ஒன்று கேட்டார். "ஹலால் என்று வெளியே பலகை வைக்கட்டுமா, ஐயா? உங்கள் ஆட்கள் வருவார்கள். ஆனால் மற்றவர்கள் என்ன நினைப்பார்களோ என்று யோசனையாக இருக்கிறது." பலகை வேண்டாம், கேட்பவர்களுக்கு உள்ளே அழைத்துக் காட்டுங்கள், பெட்டிக் கோழி எது, கடைக் கோழி எது என்று பட்டியலில் பிரித்து எழுதினால் போதும் என்றோம். ஜமாஅத்தில் இதைச் சொன்னபோது இளைஞர்கள் ஒப்பவில்லை. "சைவம் என்று பலகை வைக்கிறவர்கள் யாரைக் கேட்டு வைக்கிறார்கள்? நாம் மட்டும் ஏன் சமையலறை வாயிலில் நின்று விசாரிக்க வேண்டும்?" என்றார் ஒருவர். அதற்கு எம்மிடம் தக்க விடை இருக்கவில்லை. ஒரு சிறு வணிகர் தம் முதலையெல்லாம் போட்டுத் திறந்த கடையின் வாயிலில், நாட்டில் நடக்கும் சண்டையைக் கொண்டுபோய்த் தொங்கவிட எமக்கு மனமில்லை, அவ்வளவே. இருவர் கருத்தும் அப்படியே இருக்கின்றன.

அந்த இளைஞர்களில் ஒருவருக்கு அடுத்த மாதம் நிகாஹ். வலீமாவை அவ்விடுதியிலேயே வைத்துக்கொள்ளலாம் என்று வீட்டார் பேசிவருகிறார்கள். சஹனில் பரிமாற வேண்டும் என்பது நிபந்தனை. சென்ற வெள்ளிக்கிழமை மாணவர் வீட்டுக்கு வந்தார். துணைவியார் பரண்மேலிருந்து எம் தாயார் காலத்துத் தாம்பாளத்தை இறக்கித் துடைத்துக் கொடுத்தார். அதைத் தரையில் வைத்துச் சாண் போட்டு அளந்தார். "இரண்டரைச் சாண், ஐயா. இத்தனை பெரிய தட்டு என் அடுப்புக்கே கிடையாது" என்று கைப்பேசியில் குறித்துக்கொண்டு, எத்தனை பேருக்கு ஒன்று என்று கேட்டார். நால்வருக்கு ஒன்று என்றோம். பிள்ளைகள் இருந்தால் ஐவர்.